பதினெட்டுக் கண் பாலம்: புரி நகர வாயிலிலுள்ள அட்டரநளா

ஒடிசா மாநிலத்தில், புவனேசுவரத்திலிருந்து சாலை வழியாகப் புரிக்குச் செல்வோர் நகரின் வட எல்லையில் ஒரு சிற்றாற்றைக் கடக்கவேண்டும். மதுபூர் ஓடை என்றும், மூட்டியா ஆறு என்றும் அதனைக் கூறுவர். அதன்மீது செந்நிறக் கல்லால் அமைந்த பழம்பாலம் ஒன்று இருக்கின்றது. அதன் பெயர் அட்டரநளா. ஒடியா மொழியில் 'அட்டர' என்பது பதினெட்டு. 'நளா' என்பது நீர் செல்லும் வழி. தமிழில் பதினெட்டுக் கண் பாலம் எனலாம். ஏறத்தாழ 85 மீட்டர் நீளமும் 11 மீட்டர் அகலமும் உடைய இப்பாலம் இடைக்காலக் கட்டடங்களுள் ஒன்றாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. இந்நாட்டில் கோயில்களும் கோட்டைகளும் எண்ணற்றவை எஞ்சியுள்ளன. ஆனால் ஓடும் நீரின் நடுவே நின்று, வண்டிகளையும் மக்களையும் நூற்றாண்டுக் கணக்கில் சுமந்து, இன்றும் உருக்குலையாமல் நிற்கும் பாலங்கள் மிகச் சிலவே.

பாலத்தைக் கட்டியவர் யார் என்பதில் மரபுகள் வேறுபடுகின்றன. கோயில் வரலாற்று ஏடுகளைப் பின்பற்றிய பழைய எழுத்தாளர் சிலர் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கேசரி மரபு அரசன் ஒருவனுக்கு அதனை உரியதாக்கினர். 1825-இல் ஒரிசாவைப்பற்றிய விரிவான குறிப்பை வெளியிட்ட ஆங்கில அதிகாரி ஆண்ட்ரூ ஸ்டர்லிங், கொனாரக் கோயிலை எடுப்பித்த நரசிம்ம தேவனுக்குப் பின்வந்த அரசன் ஒருவனைக் குறிப்பிட்டார். கீழைக் கங்கர் ஆட்சியில், 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது என்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. கட்டட முறையும் அதற்கு மாறுபடவில்லை. புரியிலுள்ள ஜகந்நாதர் கோயிலை 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியவன் அம்மரபைச் சேர்ந்த அனந்தவர்ம சோடகங்கன். அவன் தாய் சோழ இளவரசி; பெயரில் 'சோட' என்னும் அடைமொழி வந்தது அவ்வுறவினால்தான். கலிங்கத்துப்பரணி பாடும் போரில் சோழர் படையை எதிர்த்துத் தோற்றவனும் அவனே. கோயில் எழுந்தபின் அடியார் கூட்டம் பெருகிற்று. கூட்டம் பெருகவே, மழைக்காலத்தில் பெருக்கெடுக்கும் ஓடை ஒரு தடையாயிற்று. தேர்த்திருவிழாவோ பெரும்பாலும் ஆனித் திங்களில், மழை வலுக்கும் பருவத்தில் வருகின்றது. ஆகவே இப்பாலத்தை அணிக்காக எழுந்த கட்டடம் என்று கொள்வதற்கில்லை. கோயிலின் தேவை அதனைக் கட்டச்செய்தது.

பெயர் பதினெட்டு என்றிருக்க, 19ஆம் நூற்றாண்டில் கண்டு எழுதியோர் சிலர் கண்கள் பத்தொன்பது என்று குறித்தனர். இதில் முரண்பாடு ஏதுமில்லை. பதினெட்டுக் கால்களை வரிசையாக நிறுத்தினால் அவற்றிற்கு இடையிலும் இரு ஓரங்களிலுமாகப் பத்தொன்பது வழிகள் கிடைக்கும். பெயர் கால்களை எண்ணி வந்ததோ வழிகளை எண்ணி வந்ததோ, இரண்டில் எதுவாயினும் ஒன்று மற்றொன்றாகத் திரிய வெகுகாலம் ஆகாது. பள்ளிச் சிறுவருக்கு எண்ணிக்கைக் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியர், வேலியும் கம்பமும் என்று கற்பனை செய்வதைவிட இப்பாலத்தையே எடுத்துக்காட்டலாம்.

பதினெட்டு என்னும் எண்ணோடு கதையொன்றும் பிணைந்துள்ளது. கட்டக் கட்டப் பாலம் வெள்ளத்தில் சரிந்ததாம். கண்ணுக்கு ஒரு பிள்ளையாகத் தன் மக்கள் பதினெண்மரையும் பலிகொடுத்த பின்னரே அரசனால் அதனை நிறுத்தமுடிந்ததாம். கதையை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் கடற்கரை மணலில் ஓடும் ஓடையொன்றில் கல் தூண்களுக்கு அடிப்படை கோலுவது எத்துணை அரிய செயலாயிருந்தது என்பதன் நினைவு அதில் தங்கியிருக்கின்றது என்று கருத இடமுண்டு. பாலங்களைப்பற்றி இத்தகைய பலிக்கதைகள் பல நாடுகளில் வழங்குகின்றன.  கோபுரத்தின் அடி கண்ணுக்குத் தெரியும் நிலத்தில் நிற்கின்றது. பாலத்தின் அடி தெரியாத இடத்தில் நிற்கின்றது.

கல்லைப்பற்றி முதலில் கூறவேண்டும். புரி மணற்பாங்கான ஊர். கட்டடக் கல்லை மேற்கேயும் வடக்கேயும் உள்ள மேட்டுநிலங்களிலிருந்து கொண்டுவர வேண்டும். குர்தா, புவனேசுவரம் ஆகிய பகுதிகளில் செம்பூராங்கல் பரந்து கிடக்கின்றது. இதனை லேட்டரைட் என்று நிலவியலார் வழங்குவர். அப்பெயரை இட்டவர் பிரான்சிஸ் புக்கானன். மலையாள நாட்டில் அங்காடிப்புறத்தின் அருகே மக்கள் இக்கல்லை மண்ணிலிருந்து செங்கல் வடிவில் வெட்டியெடுப்பதைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் 1807-இல் வெளியான தம் நூலில் பெயர் சூட்டினார். வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் நிலங்களில், பாறையிலுள்ள கரையும் பொருள்கள் நீரில் அடித்துச் செல்லப்பட, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் எஞ்சித் திரண்டு இக்கல் உண்டாகின்றது. நிலத்தில் கிடக்கும்போது கோடரியால் வெட்டத்தக்க மென்மை உடையது; வெட்டியெடுத்துக் காற்றும் வெயிலும் பட வைத்தால் நாளடைவில் இறுகிவிடும். அழுத்தத்தை நன்கு தாங்கும். ஆனால் புழைகள் நிறைந்தது. நுண்ணிய சிற்ப வேலைக்கு இடந்தராது. இழுவிசைக்கு எளிதில் முறியும். அட்டரநளாவில் கொனாரக்கைப் போன்ற சிற்பச் செறிவு இல்லாமைக்குக் கல்லின் இயல்பும் ஒரு காரணம்.

இழுவிசை தாங்காத கல்லைக்கொண்டு இடைவெளியைக் கடப்பது எவ்வாறு? இரண்டு வழிகள் உண்டு. ஆப்பு வடிவாக வெட்டிய கற்களை வில்போல் அடுக்கி, நடுவில் பூட்டுக்கல் ஒன்றை இறக்குவது ஒன்று. இதுவே உண்மை வளைவு. ஒவ்வொரு வரிக் கல்லையும் கீழ்வரிக்கு மேலாகச் சிறிது முன்தள்ளி வைத்து, இரு பக்கமும் தலைகீழ்ப் படிக்கட்டுப் போல நெருங்கிவரச் செய்து, எஞ்சிய சிறு இடைவெளியை ஒரு பலகைக் கல்லால் மூடுவது மற்றொன்று. தமிழகக் கோயில் விமானங்களின் உட்கூட்டை மூடப் பயன்படும் கதலிகா கரணம் என்னும் முறையும் இதுவே. அட்டரநளாவின் கண்கள் யாவும் இம்முறையில் அமைந்தவை.

இந்துக்கள் வளைவு அமைக்கத் தெரியாமையால் இவ்வாறு செய்தனர் என்று ஸ்டர்லிங் எழுதினார். அவருக்குப் பின்வந்தோர் பலரும் அதனையே திருப்பிக் கூறினர். இக்கூற்று முழுமையாகப் பொருந்துவதன்று. கான்பூருக்கு அருகே பிதர்காவ் என்னும் ஊரிலுள்ள 5ஆம் நூற்றாண்டுச் செங்கற்கோயிலில் ஆப்பு முறை வளைவு காணப்படுகின்றது. ஆகவே வளைவு இந்நாட்டார் கண்டறியாத ஒன்றன்று. கல் தச்சர் அதனை விரும்பவில்லை என்பதே சரி. வளைவு ஒருபோதும் உறங்குவதில்லை என்னும் கருத்து அவர்களிடையே வழங்கியதாகக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசன் குறித்திருக்கின்றார். அதன் பொருளை இயற்பியல் வாயிலாக விளக்கிக்கொள்ளலாம். உண்மை வளைவு தன் எடையைக் கீழ்நோக்கி மட்டும் இறக்குவதில்லை. இரு பக்கங்களையும் வெளிநோக்கி உந்துகின்றது. இவ்வுந்துதல் இரவும் பகலும் ஓய்வதில்லை. வரிசையாக நிற்கும் வளைவுகளில் ஒன்று உந்துவதை அடுத்தது எதிர்த்து உந்தி ஈடுசெய்கின்றது. ஆகவே மெல்லிய கால்களைக் கொண்ட பாலத்தில் ஒரு வளைவு வீழ்ந்தால், பக்கத்துக் கால் எதிர்ப்பை இழந்து சாய, அடுத்தடுத்து வீழ்வது உண்டு. முன்தள்ளிய கல் முறையில் பக்க உந்துதல் ஏறக்குறைய இல்லை. ஒவ்வொரு காலும் தன் இரு தோள்களிலும் கற்களை ஏந்தித் தனித்து நிற்கின்றது. ஒரு கண் இடிந்தாலும் அடுத்த கண் நிற்கும்.

வேறொரு நலனும் உண்டு. உண்மை வளைவைக் கட்டும்போது பூட்டுக்கல் இறங்கும்வரை கற்களைத் தாங்க மரச் சாரம் வேண்டும். முன்தள்ளிய கல் முறையில் ஒவ்வொரு வரியும் வைத்தவுடனே தானாக நிற்கும், சாரம் வேண்டுவதில்லை. கோடையில் சில மாதங்களே வற்றியிருக்கும் ஓடையில் வேலை செய்வோர்க்கு இது சிறிய நலனன்று. மழைக்கு முன் முடியாத கண்ணை அப்படியே விட்டுச்சென்று மறு கோடையில் தொடரலாம். யாஜபூருக்கு அருகிலும் இதே முறையில் எழுந்த பழம்பாலம் ஒன்று உண்டு.

இம்முறையின் அடிப்படையை வகுப்பறையில் ஐந்து நிமிடத்தில் காட்டலாம். ஒரே அளவுள்ள நான்கு செங்கற்களை எடுத்துக்கொள்க. மேசை விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குக. மேலுள்ள செங்கல் அதற்குக் கீழுள்ளதிலிருந்து தன் நீளத்தில் பாதியளவு முன்தள்ளலாம். அடுத்தது கால் பங்கு. அதற்கடுத்தது ஆறில் ஒரு பங்கு. கடைசிச் செங்கல் மேசையிலிருந்து எட்டில் ஒரு பங்கு. இவற்றைக் கூட்டினால் ஒரு செங்கல்லின் நீளத்திற்குச் சற்று மிகும். அதாவது மேற்செங்கல் முழுவதும் மேசைக்கு வெளியே அந்தரத்தில் நிற்கும். நடைமுறையில் விளிம்பு வரை தள்ளாமல் சிறிது குறைத்து வைக்கவேண்டும்; இல்லையேல் அடுக்கு சரியும். பிறகு செங்கற்களின் பின்புற முனைகள்மீது ஒரு கனத்த பொருளை வைத்துக் காட்டுக. இப்பொழுது முன்னைவிட அதிகமாகத் தள்ளினாலும் அடுக்கு நிற்கும். பாலத்தில் அக்கனத்த பொருளின் வேலையைச் செய்வன கால்களின்மேல் எழுப்பிய கட்டும், அதன்மேல் நிரப்பிய மண்ணும் கல்லும், பாதையுமே ஆகும். கண்ணுக்குப் புலப்படும் படிக்கட்டுக் கற்களை, புலப்படாத பின்பாரம் பிடித்துக்கொண்டிருக்கின்றது. இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

நலன்களுக்கு விலையும் உண்டு. கல் முறியாதிருக்க ஒவ்வொரு வரியும் சிறிதளவே முன்செல்ல வேண்டுமாதலின், கண்கள் குறுகியிருந்தாக வேண்டும். ஸ்டர்லிங் தந்த அளவுகளின்படி நடுக்கண்ணின் உயரம் 18 அடி, அகலம் 14 அடி. ஓரக்கண்கள் 13 அடி உயரமும் 7 அடி அகலமும் உடையவை. கால்களின் கனம் 6 அடி முதல் 8 அடி. பாலத்தின் மொத்த நீளத்தை அவர் 290 அடி என்று கொண்டார். பதினெட்டுக் கால்களுக்குச் சராசரி 7 அடி என்று வைத்தால் 126 அடி கல்லாகிவிடுகின்றது. நீருக்கு எஞ்சுவது 164 அடி. ஓடையின் குறுக்கே ஐந்தில் இரண்டு பங்கிற்கும் மேலாகக் கல்லே நிற்கின்றது. ஓடை முழு அகலத்திற்கும் பெருகி வருங்கால், ஆழம் மாறாதிருப்பின், கண்களின் ஊடே நீர் ஒன்றே முக்கால் மடங்கு விரைந்து ஓடியாக வேண்டும். ஓடும் நீர் அடிமண்ணை இழுக்கும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதாதலின், அது ஏறத்தாழ மூன்று மடங்காகும். நீர் வரும் பக்கத்தில் கால்களின் முகங்களை உருண்டையாக்கி இவ்விசையைத் தணிக்க முயன்றுள்ளனர். நடுவில் பெரிய கண்களும் ஓரங்களில் சிறியனவும் வைத்ததும் ஆழமான நடுநீருக்கு வழிவிடவே. இவ்வளவும் கணக்குப் பார்த்துச் செய்ததா, பட்டறிந்து செய்ததா என்பதைக் கல்லைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஆனால் செய்தவர் ஓடையின் இயல்பை அறிந்தவர் என்பது தெளிவு.

பாலத்தின் வரலாற்றுக்குத் திரும்புவோம். 1510-இல் துறவு பூண்ட சைதன்யர் வங்கத்திலிருந்து புரிக்கு நடந்துவந்தபோது அட்டரநளாவை அடைந்த செய்தியை அவர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கோயிலின் விமானம் ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுடையது. உயர்ந்த கட்டடங்கள் இல்லாத அந்நாளில் பாலத்திலிருந்தே அது தெரியும். வடநாட்டு அடியார்க்கு யாத்திரையின் முடிவு கோயில் வாயிலன்று, இப்பாலமே என்று கூடச் சொல்லலாம்.

அதே காரணத்தால் அது சுங்க வாயிலாகவும் ஆயிற்று. மராத்தியர் 1751 முதல் 1803 வரை ஒரிசாவை ஆண்ட காலத்தில் யாத்திரிகரிடம் வரி தண்டினர். 1803-இல் நாட்டைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி 1806-இல் சட்டம் இயற்றி வரியை ஒழுங்குபடுத்திற்று. அடியார் உள்ளே நுழைவதற்கு இரண்டு வாயில்களே உண்டு: வடக்கே அட்டரநளா, தெற்கேயிருந்து வருவோர்க்கு லோகநாத துறை. 1809ஆம் ஆண்டு விதிகளின்படி வடக்கேயிருந்து வரும் முதல் வகுப்பு யாத்திரிகர் 10 ரூபாயும், தெற்கேயிருந்து வருவோர் 6 ரூபாயும் செலுத்தவேண்டும். ஒரு குடும்பம் பல மாதம் உண்ணத்தக்க பணம் அது. செலுத்த இயலாதோர் வாயிலுக்கு வெளியே காத்துக்கிடந்தனர். பல நூறு மைல் நடந்து, கோபுரத்தைக் கண்ணால் கண்டு, ஓடையைக் கடக்கமுடியாமல் நின்ற ஏழைகளின் வரலாறும் இக்கற்களுக்கு உரியது. கிறித்துவ சமயக் குழுவினர் வேறு காரணத்திற்காக இவ்வரியைக் கண்டித்து எழுதினர். உருவ வழிபாட்டினால் கம்பெனி வருவாய் ஈட்டுவதா என்பது அவர்கள் கேள்வி. 1840-இல் வரி நீக்கப்பட்டது. 1897-இல் குர்தா சாலை சந்திப்பிலிருந்து புரிக்கு இருப்புப்பாதை வந்தபின், நடந்துவருவோர் தொகை குறைந்தது. பாலத்தின் முதன்மையும் அதனோடு குறைந்தது. 

இன்று அட்டரநளாவிற்கு நேரக்கூடிய இடர்கள் எவை? கண்களை மூடும் கற்கள் தாமாக வீழ்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. முன்னர்க் கூறிய பின்பாரத்தை எவரேனும் அறியாமல் அகற்றுவதே பெரிய இடர். குழாய் பதிக்கவோ, கம்பி புதைக்கவோ, பாதையைத் திருத்தவோ கால்களுக்கு நேர்மேலே ஆழமாகத் தோண்டினால், படிக்கட்டுக் கற்களின் பின்முனைகள் விடுபட்டு, அவை முன்னோக்கிச் சரிய இடமுண்டு. பழுதுபார்க்கும் நல்லெண்ணமே பழுதை உண்டாக்கும். இதற்கு மாறாக, கண்ணின் நடு உச்சியில் கனத்த வண்டியின் சக்கரம் ஏறும்போது, பாரம் முன்முனையில் விழுகின்றது. பின்பாரம் அப்போது கூடுதலாக வேலை செய்யவேண்டியதாகின்றது.

இரண்டாவது இடர் நீர்வழி அடைபடுதல். ஓரக்கண்கள் குறுகியவை, வண்டல், குப்பை, செடிகொடி இவற்றால் முதலில் தூர்வன அவையே. நான்கு ஓரக்கண்கள் அடைபட்டால் அந்நீரும் நடுக்கண்களையே நாடும். நடுக்கால்களின் அடியில் மணல் இன்னும் விரைந்து அரிக்கப்படும். மேலே நின்று பார்ப்போர்க்கு ஓரத்தில் சிறிது புல் முளைத்ததாகத் தோன்றுவது, கீழே நடுவில் நின்ற காலைத் தளர்த்துவதாக முடியும்.

மூன்றாவது உப்பு. கடல் அருகிலிருப்பதால் காற்றிலும் நிலத்தடி நீரிலும் உப்பு உண்டு. புழை நிறைந்த செம்பூராங்கல் அந்நீரை உறிஞ்சுகின்றது. உலரும்போது உப்பு புழைகளில் படிகமாகி, விரிந்து, கல்லின் மேற்பரப்பைப் பொடியாக்குகின்றது. இதனைத் தடுக்கச் சிமெண்டு பூசுவது பொருந்தாத மருந்து. சிமெண்டுப் பூச்சு ஈரத்தை வெளியேற விடாது. ஆதலால் உப்பு பூச்சிற்குப் பின்னே கல்லிலேயே திரண்டு, பூச்சையும் கல்லையும் சேர்த்து உரித்துவிடும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளிவிடும். கல்லைவிட மென்மையாதலால் தேய்வதும் அதுவே. தேய்ந்த சாந்தை மீண்டும் பூசலாம். தேய்ந்த 13ஆம் நூற்றாண்டுக் கல்லை மீண்டும் பெற இயலாது. அரசு, ஆல் ஆகியவற்றின் கன்றுகளை விரல் உயரத்தில் அகற்றுவது எளிது. வேர் இணைப்பினுள் புகுந்தபின் பிடுங்கினால் கல்லும் உடன்வரும்.

தேசியச் சிறப்புடையவை என அறிவிக்கப்பட்ட நினைவுச்சின்னங்களை 1958ஆம் ஆண்டுச் சட்டம் காக்கின்றது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒப்புதல் பெற்றே எழுப்பவேண்டும். ஆனால் ஓடை 300 மீட்டரில் முடிவதில்லை. மேலே எங்கோ கரையை நெருக்கினாலோ, கீழே எங்கோ வழியை அடைத்தாலோ, அதன் விளைவு பாலத்தின் கால்களில்தான் தெரியும்.

இத்தகைய பழம்பாலத்தைப் பார்வையிடும் களப்பணியாளர், பாதையைப் பார்ப்பதற்கு முன் கீழே இறங்கிக் கண்களைப் பார்ப்பது நலம். ஏற்ற காலம் மழைக்குப் பின், நீர் வடிந்து அடி தெரியும் மாதங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் எண்ணிட்டு, வண்டல் எவ்வளவு உயரம் உள்ளது, காலின் முன்முகத்தில் குழி விழுந்துள்ளதா, உச்சிப் பலகைக் கல்லின் இரு பக்க இணைப்பும் சமமாக உள்ளதா, படிக்கட்டுக் கற்களின் முனைகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பவற்றை ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து அளந்து குறிக்கவேண்டும். ஓர் ஆண்டின் அளவு தனித்து நின்று ஒன்றும் சொல்லாது. ஐந்தாறு ஆண்டுகளின் அளவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எந்தக் கால் தாழ்கின்றது, எந்தக் கண் தூர்கின்றது என்பது புலப்படும். அருகிலுள்ள பள்ளி மாணவரைக்கொண்டும் வண்டல் அளவை எடுக்கலாம். அடிக்கணக்கில் கோடிட்ட மூங்கில் ஒன்றும் ஒரு குறிப்பேடும் அதற்குப் போதும்.